பத்துக்கு நாலு புள்ளி

"நாலா? பத்துக்கு நாலா? ராத்தா, மனமறிஞ்சுதான் சொல்றீங்களா?"

நிஸ்றா பாயிலிருந்து எழும்பியே விட்டாள். தொலைக்காட்சியில் படம் முடிந்து பெயர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

"நாலே கூடிப்போச்சு," என்றாள் றமீஸா, சத்தத்தைக் குறைத்தபடி.

ஏறாவூரில் றமீஸாவின் வீட்டு ஹோலில், ஒவ்வொரு சனிக்கிழமைப் பின்னேரமும் இந்த மூன்று பெண்களும் கூடுவார்கள். ஒரு படம் பார்ப்பார்கள். பிறகு ஆளுக்கொரு புள்ளி போட்டுச் சண்டை பிடிப்பார்கள். றமீஸா தமிழ் ஆசிரியை, வயது நாற்பத்தெட்டு; மூத்தவள் என்பதால் மற்றவர்களுக்கு 'ராத்தா', அக்கா. நிஸ்றா வங்கியில் வேலை செய்கிறவள். அடுத்த வீட்டு றபீக்கா தையல்காரி. அவள் கணவனுக்குக் கட்டார் நாட்டில் வேலை.

இன்றைக்குப் பார்த்தது இணையத்தில் கிடைத்த நாற்பது நிமிடப் படம். றமீஸாதான் போட்டாள். பதினாலு வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து திரும்பி வரும் கணவன், வாவிக்கரையில் அவனில்லாமல் வாழப் பழகிவிட்ட மனைவி. கதை அவ்வளவுதான். இயக்கியவர் பெயர் ஹில்மி என்று இருந்தது. கேள்விப்படாத பெயர்.

"எங்கட வாவிய இவ்வளவு வடிவா எந்தப் படத்துல பாத்தீங்க?" என்றாள் நிஸ்றா.

"வாவி வடிவுதான். கெமராப் புடிச்ச கை நடுங்கிது. தோணி வாற இடத்துல பாக்கல்லியா?"

"தோணிக்குள்ள நிண்டு எடுத்தா நடுங்காம?"

"சரி, அத விடு. புருஷன் கேட்டு வாசல்ல நிக்கான். பதினாலு வருசம்! ஓடிப் போகாம, அடுப்பு நெருப்ப நூத்துட்டு, கையத் தொடச்சிட்டு, ஆறுதலாப் போறா. இத ஆருகா நம்புற?"

"நான் நம்புறன்."

சொன்னது றபீக்கா.

"போன முறை அவர் வந்து வாசல்ல நிண்டப்ப நானும் அப்புடித்தான். மெசின நிப்பாட்டி, நூல அறுத்துட்டுத்தான் எழும்பினன். ஆசை இல்லாம இல்ல. கால் வரல்ல. இத நான் ஒருத்தருக்கும் சொன்னதில்ல. இந்தப் படம் எடுத்தவருக்கு எப்புடித் தெரியும்?"

றமீஸா தொலைக்காட்சியை நிறுத்தினாள். பிறகு விடாமல் தொடங்கினாள்.

"முடிவுக்கு என்ன சொல்றீங்க? ரெண்டு பேரும் சேந்தாங்களா இல்லியா எண்டே காட்டல்ல. முடிக்கத் தெரியாம விட்டுட்டுப் போனமாதிரி இரிக்கி."

"காட்டல்லியா?" நிஸ்றா கையை நீட்டி நீட்டிப் பேசினாள். "முதல்ல தனக்கெண்டு எடுத்து வச்ச மீன் தலைய, மறுகா அவன்ட பீங்கான்ல வைக்கிறாவே, அது என்ன? அதுக்கு மேல வாயாலயும் சொல்லணுமா?"

"அது நீ உண்டாக்கிச் சொல்ற கதை."

நிஸ்றாவுக்குப் பொறுக்கவில்லை.

"போன கிழமை பாத்த படத்துல கார் ஆகாயத்துல பறந்திச்சு. அதுக்கு ஏழு போட்டீங்க. எங்கட பக்கத்து ஆள் ஒருத்தன் உண்மையா ஒரு படம் எடுத்தா நாலு! எங்கட ஆக்கள் முன்னுக்கு வந்தா எங்களுக்கே புடிக்காது. இது பொறாமை, ராத்தா."

றபீக்கா அவள் தொடையில் கிள்ளினாள். சொல் வெளியே வந்துவிட்டது. மூன்று வருடப் பழக்கத்தில் இப்படி ஒரு வார்த்தை இந்த ஹோலில் விழுந்ததில்லை.

றமீஸா கோபிக்கவில்லை. "பொறாமை எண்டே வச்சிக்க. நெஞ்சத் தொட்டுச் சொல்லு, இந்தப் படத்துல ஒரு குறையுமே இல்லியா?"

"இரிக்கி. நாப்பது நிமிசத்துல முடிஞ்சிட்டு. எனக்கு ஒம்பது. ஆம்பிளையா இருந்தும் ஒரு பொம்பிளைட மனச இப்புடிப் பாத்திரிக்கான். அந்த ஹில்மி எங்க இரிக்கான் எண்டு தெரிஞ்சா தேடிப் போய் சலாம் சொல்லுவன்."

"எனக்குப் பத்து," என்றாள் றபீக்கா.

நிஸ்றாவே திரும்பிப் பார்த்தாள். எந்தப் படத்துக்கும் ஆறுக்கு மேல் போடாதவள் றபீக்கா.

"இத அவருக்கும் அனுப்பப் போறன்," றபீக்கா தன் கைபேசியைத் தேடினாள். "அண்டைக்கு ஏன் ஓடி வரல்ல எண்டு அவர் கேட்டதுக்கு எனக்குப் பதில் சொல்ல ஏலாமப் போச்சு. இது சொல்லும்."

றமீஸா சட்டென்று எழும்பினாள். "தேத்தண்ணி போட்டுட்டு வாறன்."

"கோவம் போல," என்று குசுகுசுத்தாள் றபீக்கா.

"இரிக்கட்டும். ஒரு நாளைக்காவது விளங்கட்டும்," என்றாள் நிஸ்றா.

குசினியில் றமீஸா கேத்தலைத் தொடவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஹோலில் அவர்கள் இருவரும் அந்தப் படத்தைப் பற்றியே இன்னும் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. கதவைச் சாத்திவிட்டு, கொழும்பில் திரைப்பட விழா நடத்துகிற பெண்மணிக்கு எண்களை அழுத்தினாள்.

"விருதுப் பட்டியல் அச்சுக்குப் போக முன்னம் ஒரு பேர மாத்தணும் மெடம்," என்றாள். தலை நிமிர்ந்திருந்தது. "ஹில்மி எண்டத வெட்டிட்டு, 'ஏறாவூர் றமீஸா' எண்டு பெருசாப் போடுங்க, இதுவரைக்கும் பயந்து ஒளிச்சி வச்சிருந்தன், இண்டைக்கு என்ட படத்துல உள்ள குறையெல்லாம் நானே எடுத்துச் சொல்லிப் பாத்தன், ஒண்டையும் ஒத்துக்கொள்றாளுகள் இல்ல!"