சேவல் டிவியில் பாங்கு

"நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. இன்னிக்கு உசிரு தங்காது போல" என்று முனகியபடி ருஸ்மானா சோபாவில் சரிந்தார். டிவியில் பழைய நகைச்சுவை நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. நோன்பு திறக்க இன்னும் அரை மணி நேரம். இந்தோனேசியாவின் பண்டுங் நகரத்து மழை வெளியே வானத்தை இருட்டடித்திருந்தது.

"கொஞ்சம் பொறுங்க. தெருமுனைச் சாப்பாட்டுக் கடையைப் பார்த்தீங்களா? திரை போட்டு மறைச்சு வெச்சிருக்கான், கீழே வரிசையா காலு மட்டும் தெரியுது. வெட்கங்கெட்டதுங்க!" என்றார் அவர் மனைவி, தேங்காய்ப்பாலில் வாழைப்பழத்தைப் போட்டுக் கிண்டிக்கொண்டே.

"அந்தக் காலையெல்லாம் ஒடைக்கணும்" என்ற ருஸ்மானா நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். மருமகன் குர்னியா திரும்பிப் பார்த்தான்.

"பசியேப்பம்" என்றார் கறாராக.

குர்னியா வீட்டில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவன். ருஸ்மானாவோ ஓய்வுபெற்ற பஸ் பரிசோதகர். காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போகாதவனை வேலை பார்க்கிறவன் என்றே அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் வாய் நிறைய ஒரு தடவை 'மாப்ள' என்று கூப்பிட்டதில்லை, 'ஏய் தம்பி'தான். குர்னியாவுக்கு அது நெஞ்சில் தைத்த முள்.

அந்த முள்ளை எடுக்கத்தான் இந்த டிவி ஏற்பாடு. பழைய வீடியோ நாடாக்களிலிருந்து எடுத்துச் சேர்த்திருந்த நாடகங்கள், பாட்டுகள், அந்தக் காலத்து விளம்பரங்கள் எல்லாவற்றையும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, அதில் ஒரு மென்பொருளைப் போட்டான். அது வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, நிஜச் சானல் மாதிரியே ராப்பகலாக ஓட்டும். திரை மூலையில் அவனே வரைந்த மஞ்சள் சேவல் சின்னம் வேறு.

"எதைப் பார்க்கப் போறே, எதைப் பார்க்கப் போறேன்னு நம்ம உசிரை எடுக்காம அதுபாட்டுக்கு ஓடுது பாரு. இதான்டா டிவி!" என்று மாமனார் முதல் வாரமே மயங்கிவிட்டார். 'மாப்ள' மட்டும் வரவில்லை.

நோன்பு மாதத்தில் அந்த வீட்டுக்குக் கடிகாரமே டிவிதான். நோன்பு திறக்கும் அந்தி நேரத்து மஃரிப் பாங்கு நெருங்கினால், யாராவது சேவலை விட்டு உள்ளூர்ச் சானலுக்கு மாற்றுவார்கள். அன்றைக்கு நாடகம் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

நாடகம் முடிந்தது. திரையில் ஒரு பள்ளிவாசல் மினாரா தெரிந்தது. கம்பீரமாகப் பாங்கு எழுந்தது.

"பிஸ்மில்லாஹ்!" முதல் பேரீச்சம்பழம் ருஸ்மானாவின் வாய்க்குத்தான் போயிற்று. மாமியார் தேநீரை உறிஞ்சினார். குர்னியாவின் மனைவி லிலிஸ் அதற்குள் இரண்டாவது வடையில் இருந்தாள். குர்னியாவும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, எதேச்சையாகத் திரையின் மூலையைப் பார்த்தான்.

மஞ்சள் சேவல்!

உள்ளூர்ச் சானலுக்கு யாருமே மாற்றவில்லை. நிகழ்ச்சிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் நிரப்புவதற்காகச் சின்னச் சின்ன வீடியோக்களை மொத்தமாகக் கொட்டி வைத்திருந்தான். ஏதோ ஒரு நாடாவிலிருந்த பாங்கும் அந்தக் குவியலில் சேர்ந்திருக்கிறது. மென்பொருளுக்கு என்ன தெரியும் பாவம், சோப்பு விளம்பரமும் பாங்கும் அதற்கு ஒன்றுதான்.

இன்னும் சற்று நேரத்தில் தெருப் பள்ளிவாசலில் நிஜப் பாங்கு ஒலிக்குமே! குர்னியா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினான். டிவி சத்தத்தைக் கூட்டினான். அதுவும் போதாதென்று மிக்ஸியைப் போட்டான்.

"என்னங்க, மிக்ஸியில ஒண்ணுமே இல்லையே?" என்றாள் லிலிஸ்.

"சும்மா... ஓடுதான்னு பார்த்தேன்."

மிக்ஸி சத்தத்தையும் அமுக்கிக்கொண்டு பள்ளிவாசல் ஒலிபெருக்கி முழங்கியது.

மாமியார் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "இது என்னடி ரெண்டாவது பாங்கு? அப்ப முதல்ல கேட்டது?"

"என் டிவி, மாமி... பழைய பாங்கு. தப்பா வந்திருச்சு."

"அடப் பாவி! எல்லார் நோன்பும் போச்சா? அந்த மனுசன் சின்ன வயசுலேருந்து ஒரு நோன்பை விட்டதில்லையே!" மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். லிலிஸ் முறைத்த முறைப்பில் குர்னியா பாதியாகிவிட்டான். 'மாப்ள' என்ற சொல் இனி ஆயுசுக்கும் கிடையாது என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது.

ருஸ்மானா கையை உயர்த்தினார். "விடு. அவன் வேணும்னா செஞ்சான்? பெருநாள் முடிஞ்சதும் ஒரு நாள் நோன்பு வெச்சு ஈடுகட்டிக்கலாம். முதல் ஆளா நானே வைக்கிறேன்."

"எவ்வளவு பெரிய மனசு!" மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

ருஸ்மானா மருமகனின் தோளில் கை போட்டு வாசலுக்குக் கூட்டிப்போனார். "மாமா, இவ்வளவு நல்லவரா இருக்காதீங்க. ரெண்டு திட்டாவது திட்டிருங்க."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கதவை மெல்லச் சாத்தினார். அவன் காதருகே குனிந்தார்.

"எதுக்குத் திட்டணும்? மத்தியானம் திரைக்குப் பின்னால தின்ன மீன் சோத்துக்கு, உங்க மாமிகிட்ட என்ன சாக்குச் சொல்லி நோன்பை ஈடுகட்டுறதுன்னு நானே முழிச்சுக்கிட்டிருந்தேன்."

குர்னியா வாயைப் பிளந்தான்.

"ஏன் மாப்ள, இதை நேத்தே போட்டிருக்கக் கூடாதா?"