ஆயிரம் படிக்கும் குங்குமம்

முந்நூறு படி ஏறுவதற்குள் ஸ்ரீகுமாருக்கு மூச்சு வாங்கியது. பொறுமையும் போய்விட்டது.

அவர் மனைவி ஹம்ஸா குனிந்து ஒரு படிக்கு மஞ்சள் வைப்பாள், குங்குமம் வைப்பாள், அடுத்த படிக்கு நகர்வாள். சாமுண்டி மலையின் ஆயிரம் படிக்கும் இப்படி வைப்பதாக அவளுக்கு வேண்டுதல். வேண்டியது நடந்தவர்கள்தான் இங்கே வந்து வைப்பார்கள். இவள் எதற்கு வைக்கிறாள் என்பதுதான் ஸ்ரீகுமாருக்குப் புரியவில்லை.

"நீட்டுல நூத்தி நாப்பது மார்க் வாங்கியிருக்கா உன் பொண்ணு. அதுக்குப் படி படியா குங்குமமா?"

"உங்க பொண்ணும்தான்" என்றாள் ஹம்ஸா, நிமிராமல்.

ஸ்ரீகுமாருக்கு ரயில்வேயில் பெரிய உத்தியோகம். ரயில் ரெண்டு மணி நேரம் தாமதமாக வந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார். மகளுக்கு மார்க் குறைந்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. ரிசல்ட் வந்து பத்து நாளாகிறது. இன்னும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மகள் ஸஞ்சனா இருபது படி மேலே நின்று ஒரு குரங்கை போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்து வீட்டு மஞ்சுநாத் மலையிலிருந்து இறங்கி வரவேண்டும்? குங்குமத்தைப் பார்த்ததும் ஸ்ரீகுமாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கங்கிராட்ஸ் சார்! மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைச்சாச்சா? ஸ்வீட் எல்லி சார், எங்கே ஸ்வீட்?"

"இல்லா சார்... சும்மனே" என்று கன்னடத்தில் வழிந்தார் ஸ்ரீகுமார்.

மஞ்சுநாத் தலை மறைந்ததும் ஹம்ஸாவிடம் பாய்ந்தார்.

"மானம் போறது! கேட்டது கிடைக்கலே. அப்புறம் என்ன நன்றி வேண்டிக்கிடக்கு? எல்லாம் நல்லதுக்கேன்னு உன் யோகா கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாளா?"

"கேட்டது கிடைச்சாச்சு."

"எது? நூத்தி நாப்பதா?"

ஹம்ஸா இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். மகளுக்குக் கேட்காது என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சீட்டே கேக்கலே."

"பின்னே?"

"ரிசல்ட்டுக்கு முந்தின வாரம் அவ தலகாணி உறையை மாத்தப் போனேன். உள்ளே ஒரு லெட்டர். 'ஸாரி அப்பா'ன்னு ஆரம்பிச்சிருந்தா. டாக்டர் ஆகலேன்னா என் மூஞ்சில முழிக்காதேன்னு நீங்க ஒருநாள் சொன்னேளே, அதையும் எழுதியிருந்தா. இனிமே முழிக்க மாட்டேன்னு முடிச்சிருந்தா."

ஸ்ரீகுமார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கே அவளைக் கட்டிண்டு அழுதேன். மறுநாள் டாக்டர்ட்ட அழைச்சிண்டு போனேன். இப்பவும் வாராவாரம் போயிண்டிருக்கோம். உங்க குறட்டை தாங்கலேன்னு சொல்லிட்டு அவ ரூம்ல போய்ப் படுத்துண்டேனே, அது குறட்டைக்காக இல்லே."

"ஏன் ஹம்ஸா... ஏன் என்கிட்ட சொல்லலே?"

"சொன்னா அதுக்கும் அவளைத் திட்டுவேளோன்னு பயம்."

மேலே ஸஞ்சனா குரங்கைப் பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று ஸ்ரீகுமாருக்கு நினைவில்லை. கண் கலங்கிவிட்டது. அவரைப் பார்க்க ஹம்ஸாவுக்கே பாவமாக இருந்தது.

"அப்போ... நீ அம்மன்கிட்ட என்னதான் கேட்டே?"

ஹம்ஸா அடுத்த படிக்குக் குனிந்தாள்.

"ரிசல்ட் வந்தப்புறமும் நம்மாத்துல நாம மூணு பேரா இருக்கணும்னு."