படிகாரம் கரைத்த தண்ணீர்

புன்னக்காயல் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், இறால் பண்ணையின் கழிவுநீர்த் தொட்டிக் கரையில் நின்று ஜாய்சி கண்ணாடிக் குடுவையை வெயிலுக்குத் தூக்கிப் பிடிக்கிறாள். காலையில் அவள் கரைத்து ஊற்றிய படிகாரம், தண்ணீரில் இருந்த பாஸ்பரசைப் பஞ்சுப் பிசிறாகத் திரட்டி அடியில் படிய வைத்திருக்கிறது. ஒரு வாரமாகப் படிகாரம் அளைந்து சுருங்கிய விரல்களுக்குக் குடுவையின் சூடு தெரியவில்லை. கீழே வடிகால் ஓடையில், மாமனார் மரிய அந்தோணி தோளில் வீச்சுவலையோடு முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். கடலுக்குப் போக உடம்பு இடங்கொடாத அவருக்கு, பண்ணைக் கலங்கலைத் தின்ன வரும் மடவை மீன்தான் இத்தனை நாளும் வயிற்றுப்பாடு.

“இன்னைக்கும் தெளிஞ்சிட்டா மக்களே?”

“தெளிஞ்சிட்டு மாமா.”

“அப்பம் மடவை அண்டாது.”

அவர் குரலில் கோபமில்லை. அவள் மதகைத் திறக்கிறாள். தண்ணீர் சலசலவென்று இறங்கி அவர் கால்களைச் சுற்றிப் போகிறது. பாதத்து விரல்கள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. அவர் வலையை வீசுகிறார். அது வட்டமாக விரிந்து, விழுந்து, மணலைத் தொடும்வரை ஒவ்வொரு கண்ணியும் கரையில் நிற்கும் ஜாய்சிக்குத் தெரிகிறது.