இன்னொருத்தி

1994 ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோவையில் பங்காரு தம் மனைவி வெங்கடலட்சுமியிடம் முறைப்படி சம்மதம் கேட்டார்.

"மேட்டுப்பாளையத்துல இன்னொன்னு கட்டிக்கலாம்னு இருக்கறேன் அம்மணி."

வெங்கடலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏனுங்க, இருக்கறவளே உங்களை ராத்திரியில ஊட்டுக்கு உடறதில்லை. இன்னொருத்தி எதுக்குங்க?"

"அவ வந்த பொறகுதானே உன் கழுத்துல வைரம் ஏறுச்சு?"

"வைரம் இருக்குதுங்க. பார்க்கத்தான் நீங்க இல்லை."

எதிரே அமர்ந்திருந்த ஆடிட்டர் செருமினார். "அம்மா, மில்லுல பாதிக்கு மேல பங்கு உங்க பேருல இருக்குதுங்க. ரெண்டாவது மில்லுக்கு நீங்க கை தூக்குனாப் போதும்."

வெங்கடலட்சுமியின் கை மடியைவிட்டு எழவில்லை.

இரண்டாவது நூற்பாலை கட்டுவதில்லை என்றும், இருக்கும் ஆலையும் இனி மாலை ஆறு மணிக்கே நிறுத்தப்படும் என்றும் பங்குதாரர் கூட்டம் முடிவு செய்தது.