கண்ணுக்கு ரத்தம்

அன்றைக்கு டீ நேரத்தில் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளைச் சுற்றி இருந்தவர்கள்: சூப்பர்வைசர் தங்கராஜ், அயர்ன் மாஸ்டர் பழனிமுத்து, சித்ரகலா, நதியா, உசிலம்பட்டிப் பக்கத்து மூக்கம்மாள், அவள் மகன் முனீஸ். ஆள் ஆறு. வந்த போண்டாவும் ஆறு. மூக்கம்மாள் எண்ணித்தான் தட்டில் வைத்தாள்.

யாரும் கை வைக்கும் முன்னே முனீஸின் செல்லில் ஒரு மெசேஜ் வந்தது.

"அவசரம். கண் ஆபரேஷன். கோவையில் பி நெகட்டிவ் ரத்தம் உடனே தேவை. எல்லாருக்கும் பகிரவும்" என்று வாசித்தவன் எழுந்தே விட்டான். "நான் பி நெகட்டிவ்தான். சார், பெர்மிஷன் குடுங்க. வண்டிய எடுத்தா ஒன்றரை மணி நேரத்துல போயிருவேன்."

அவன் செல்லிலிருந்து மெசேஜ் நதியாவுக்குப் போனது. அவள் கையோடு எட்டு குரூப்புக்குத் தட்டிவிட்டாள். பழனிமுத்து தன் குலதெய்வக் கோயில் குரூப்பில் போட்டு, கும்பிடுகிற கை பொம்மை மூன்று சேர்த்தார்.

தங்கராஜ் மட்டும் அசையவில்லை. "உக்காருப்பா. போக வேண்டியதில்ல. அது வந்து..."

அதற்குள் அவர் சட்டைப் பையில் இருந்த பட்டன் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூக்கம்மாளுக்குச் சுருக்கென்றது. "உசுரு போகுதுங்குறான் எம்புள்ள. இந்த மனுசனுக்குப் பனியன் பீசு பெருசாப் போச்சு."

"அவருக்கு ரெண்டு போனுக்கா" என்றாள் நதியா. "பெரிய போனு வீட்டுக்கு. சின்ன போனு யாருக்கோ."

"நான் காதால கேட்டனுங்க" என்றாள் சித்ரகலா. "ரொம்ப நன்றிங்க சாமி, நல்லா இருங்க சாமின்னு அப்படியொரு குழைவு."

"எந்தச் சாமியோ?" என்றாள் நதியா.

"முருகனுக்கே ரெண்டு. தங்கராஜுக்கு இருக்கக்கூடாதுங்களா?" என்றார் பழனிமுத்து. நதியாவுக்கு டீ புரை ஏறியது.

தங்கராஜ் திரும்பி வந்து உட்காரப் போனார். மறுபடி அடித்தது. போனார். வந்தார். போண்டாவுக்குக் கை நீட்டினார். மறுபடி அடித்தது.

"இன்னைக்குச் சாமிக்கு அருள் ஜாஸ்தி" என்றாள் நதியா, கதவு சாத்தியதும்.

முனீஸ் வண்டிச் சாவியை எடுத்தான். "அம்மா, நான் கெளம்புறேன். வேல போனாப் போகட்டும்."

மூக்கம்மாள் அவன் கையைப் பிடித்தாள். இந்த வேலைக்காகத் தங்கராஜ் பின்னால் அவள் நடந்த நடை கொஞ்சமல்ல. போகாதே என்றால் ஓர் உயிரின் பாவம். போ என்றால் மகனின் பிழைப்பு. நடுவில் நின்றவளுக்கு ஒன்று இடறியது.

"இருடா. எங்க நாத்தனாளுக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணையில ஒரு சொட்டு ரத்தம் கேக்கலையே. இட்லிதான கேட்டா. கீழ நம்பரு இருக்குல்ல? அதுக்குப் போடு. கேட்டுப்புட்டுப் போ."

முனீஸ் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு அம்மா கையில் கொடுத்தான்.

"சொல்லுங்க" என்றது செல்.

"சொல்லுங்க" என்றது கதவு.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. மூக்கம்மாள் உரக்கக் கேட்டாள். "ஐயா, கண்ணுக்கு ரத்தம் கேட்டிருந்தீகளே?"

"ரொம்ப நன்றிங்க சாமி. இப்ப வேண்டாமுங்க. கண்ணு நல்லா இருக்குதுங்க. எல்.கே.ஜி. போகுதுங்க."

மூக்கம்மாள் திகைத்தாள். "எந்தக் கண்ணுய்யா போகுது? ஒத்தக் கண்ணா, ரெண்டுமா?"

கதவு திறந்தது. காதில் பட்டன் போனோடு தங்கராஜ் நின்றார்.

முதலில் சிரித்தது பழனிமுத்து. பிறகு யார் சிரிக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சித்ரகலா பனியன் கட்டின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

"எங்க பாப்பா பொறந்தப்பப் போட்டதுங்க" என்றார் தங்கராஜ், அவர்கள் ஓய்ந்த பிறகு. "எங்க கண்ணுக்கு ஆபரேஷன், ரத்தம் வேணும்னுதான் எழுதினேன். இருந்த பதட்டத்துல தேதி போடல. கைமாறிக் கைமாறி, யாரோ படிச்சவரு கண் ஆபரேஷன்னு திருத்தி உட்டுட்டாரு. நாலு வருசமாச் சுத்துது."

மற்றவர்கள் ஆளுக்கொரு போண்டா எடுத்தார்கள். நதியா மறு கையால் எட்டு குரூப்பிலும் அழிக்கத் தொடங்கினாள்.

"அந்த நம்பரத் தூக்கிக் கடாசிட்டுப் போகலாமுல்ல?" என்றாள் மூக்கம்மாள்.

தங்கராஜ் பின்னந்தலையைத் தடவிக்கொண்டார். "போடலாமுங்க அக்கா. ஆனா முகந்தெரியாத கொழந்தைக்கு ரத்தம் குடுக்கறேன்னு ஒருத்தர் கூப்பிடறாரு. இந்த நம்பர் உபயோகத்தில் இல்லைன்னு வந்தா, நாளைக்கு நெசமாவே ஒருத்தருக்கு வேணும்கறப்ப அவரு கூப்பிடுவாருங்களா? அதான் எடுத்து, நன்றி சொல்லி, பக்கத்துல இருக்கற கவர்மெண்ட் ஆஸ்பத்திரில குடுத்துருங்கன்னு சொல்லிடறதுங்க. போறாங்க."

முனீஸ் சாவியைப் பைக்குள் போட்டான். "ஞாயித்துக்கெழமை நானும் போறேன் சார்."

மறுபடி போன் அடித்தது.

"எடுங்க சார்" என்றாள் நதியா, தலை நிமிராமல். "எங்க சித்தியாத்தான் இருக்கும். அவங்களுக்கும் அனுப்பிட்டேன்."

தங்கராஜ் கதவுப் பக்கம் போனார். "ரொம்ப நன்றிங்க சாமி" என்று கேட்டது. முனீஸின் கை தட்டுப் பக்கம் நீண்டது. மூக்கம்மாள் அதில் ஒரு தட்டுத் தட்டி, காலி டம்ளரை எடுத்துத் தட்டில் கவிழ்த்து வைத்தாள்.

பெல் அடித்தது. ஆள் ஆறு, போண்டா ஆறு. டம்ளருக்கு அடியில் மிச்சம் ஒன்று.