கோபுரத்துப் புறாக்களின் தொகை

கோபுரவாசிகள் யாவரும் கூடி எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தைச் சரிபார்ப்பவர் பல்லியார். அதில் ‘புறாக்கள் பத்தாயிரம்’ என்று புறா எழுத, வௌவால் அதை நூறாக்கிற்று. பெரும்பான்மையோருக்கே மேல்மாடம் என்பதால் இருவரும் விடாமல் மாற்றி மாற்றித் திருத்தினர்.

“சான்றில்லாத எண் நிற்காது, சான்றுள்ளதை யாரும் தொடலாகாது,” என்று பல்லியார் இரண்டையும் அழித்தார்.

“பெருமாள் அறிய நாங்கள் பத்தாயிரம்தான், ஓய்,” என்றது புறா.

அந்நேரம் பார்த்துப் பல்லியாரின் தொண்டையில் கொசு ஒன்று சிக்கி, ‘த்ச், த்ச்’ என்று ஒலி எழுந்தது.

வௌவால் தலைகீழாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. “பல்லியே சொல்லியாயிற்று. மேல்மாடத்தைக் காலிசெய்கிறேன்.”

புறா உடனே எழுதிற்று: ‘பத்தாயிரம். சான்று: பல்லி.’

“அது கொசுவினால் வந்த செருமல்,” என்று பதறினார் பல்லியார்.

“அப்படியா? அந்தக் கொசுவுக்குச் சான்று காட்டும், ஓய்.”

பல்லியார் வாயைத் திறந்தார். கொசு எப்போதோ வயிற்றுக்குள் போய்விட்டிருந்தது.