முகம் பார்க்கும் கதவு

மாணவர் நலனுக்காகப் பள்ளி வாசலில் முகம் பார்க்கும் கதவு வேண்டுமென்று போராடி வாங்கியதே மாணவர் தலைவி எஸ்தர்தான். வாடிய முகத்தோடு வரும் பிள்ளையை அது உள்ளே விடாது. "இன்று ஓய்வெடு, செல்லம்" என்று கொஞ்சி வீட்டுக்கு அனுப்பிவிடும்.

ஏழாம் வகுப்பு மாரீஸ்வரியை அது தினமும் அனுப்பியது. இன்று அவள் உதடு கிழிந்து, கண் வீங்கி, வாசலில் நின்ற எஸ்தர் முன் வந்து நின்றாள்.

"யாருடீ அடிச்சது?"

"அப்பாதான். குடிச்சிட்டு வீட்லயே கெடக்காரு. ஸ்கூல்ல இருந்தா அடி விழாதுக்கா. எப்படிச் சிரிச்சா இது நம்பும்? சொல்லித் தாங்கக்கா."

கிழிந்த உதட்டை இழுத்துச் சிரித்துக் காட்டினாள். பல்லெல்லாம் ரத்தம்.

"இன்று ஓய்வெடு, செல்லம்" என்றது கதவு.

எஸ்தருக்கு வெறி பிடித்தது. மதிலோரம் கிடந்த செங்கல்லை எடுத்து, கதவின் கேமரா கண்ணிலேயே ஓங்கி அடித்தாள். கண்ணாடி தெறித்துக் கையைக் கிழித்தது. "செல்லமாம் செல்லம்!" என்று கத்திக்கொண்டே அது நொறுங்கும்வரை அடித்தாள். உயிர்போன கதவு பூட்டியபடியே நின்றுவிட்டது.

உள்ளேயிருந்து ஓடிவந்த தலைமையாசிரியர் கம்பிக்கு அந்தப் பக்கம் தலையிலடித்துக்கொண்டார். "கதவு தொறக்காது. இன்னைக்கு லீவு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

பிள்ளைகள் விசிலடித்துக் கலைந்தார்கள். மாரீஸ்வரி மட்டும் நகரவில்லை.

"சிரிக்கத்தானக்கா சொல்லித்தரச் சொன்னேன்?"